கேட்கப் பழகிய சாட்சி

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பிறரிடம் எடுத்துச் சொல்லப் போகிறவர் முதலில் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது திருச்சபை பின்னாளில் வகுத்த விதி அல்ல. புதிய ஏற்பாட்டிலேயே அது இருக்கிறது. இயேசு ஊழியத்தைத் தொடங்குமுன் நாற்பது நாள் வனாந்தரத்தில் உபவாசம் இருந்தார். உயிர்த்தெழுந்தபின் தம் சீடர்களை எருசலேமை விட்டுப் போகாமல் காத்திருக்கச் சொன்னார். அவர்கள் மேல்வீட்டறையில் கூடி ஜெபித்துக் காத்திருந்த பிறகே பெந்தெகொஸ்தே நாளில் ஊரறியப் பேசினார்கள். இந்தக் காத்திருப்புக்குத் தமிழ்த் திருச்சபைகளில் சொற்கள் ஏராளம். கத்தோலிக்கர் தவக்காலம், ஒறுத்தல், தியானம் என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் உபவாச ஜெபம் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் காத்திருப்புக் கூட்டம், முழு இரவு ஜெபம், ஆத்தும பாரம், திறப்பில் நிற்பது என்று பேச்சு போகும்.

இவ்வளவு சொற்கள் இருந்தும், ஆயத்தம் என்றால் பேசுகிறவர் தமக்கு வல்லமை சேர்த்துக்கொள்வது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தாம் அதிகாரம் அதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. யோப்பா பட்டணத்தில் ஒரு வீட்டு மாடியில் பேதுரு ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். பசிக்கிறது. வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்குவது போன்ற காட்சி; அதில் யூதர் உண்ணக்கூடாத உயிர்கள். அடித்துப் புசி என்று குரல் வருகிறது. மூன்று முறை மறுக்கிறார். இதற்குள் செசரியாவில் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவர், யூதரும் அல்லாத கிறிஸ்தவரும் அல்லாத ஒருவர், ஜெபமும் தானதருமமும் செய்து, தேவதூதனின் சொல் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். கேட்க வேண்டியவர் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறார். சொல்ல வேண்டியவரைத்தான் ஆயத்தப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்த ஆயத்தத்தில் பேதுருவிடமிருந்து கழற்றப்படுவது அவருடைய அருவருப்பு. எந்த மனிதனையும் தீட்டு என்று சொல்லலாகாது எனக் கற்ற பிறகே அவர் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கிறார். சாதி ஊறிய மண்ணில் இதைவிட நேரடியான பாடம் வேறு கிடையாது. மண்டியிட்டு மணிக்கணக்கில் ஜெபித்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரின் வழிபாட்டையோ பிறப்பையோ இளக்காரமாக நினைத்தபடி எழுந்திருப்பவர் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திருத்தணி போன்ற ஊரில் இந்தப் பாடம் அன்றாடக் கேள்வியாகிறது. முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது என்று எண்ணப்படும் மலைக்கோயில். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி தூக்கிக்கொண்டு வருகிற கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் சரிசமமாகக் கேட்கும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சூரனோடு போரிட்ட முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பது தல வரலாறு. மற்ற முருகத் தலங்களில் கந்த சஷ்டியன்று நடக்கும் சூரசம்ஹாரம் அதனால் இங்கே நடப்பதில்லை. பூக்களால் அருச்சனை மட்டும். இந்த ஒரு செய்தியைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் மலையடிவாரத்தில் கைப்பிரதி கொடுக்க நிற்பவர் யாரிடம் பேசுகிறோம் என்பதையே அறியாதவர். சமாதானத்தின் பிரபுவைப் பற்றிச் சொல்ல வருகிறவர், தெய்வத்தின் சினம் தணிந்ததைக் கொண்டாடும் ஓர் ஊரிடம் முதலில் கேட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது.

டிசம்பர் 31 இரவு இங்கே திருப்படித் திருவிழா. 1917-இல் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியது. புத்தாண்டு நாளில் வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாவுக்குப் பழமும் மாலையும் எடுத்துக்கொண்டு ஓடிய வழக்கத்தைக் கண்டு, முதல் வணக்கம் தணிகைத் துரைக்கே என்று அடியார்களைத் திரட்டினார். படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றி ஏறுவார்கள். அதே இரவில் தமிழ்நாடெங்கும் தேவாலயங்களில் புத்தாண்டு ஆராதனை. பன்னிரண்டு மணிக்கு முன் முழங்காலில் நின்று, போன ஆண்டின் பிழைகளை அறிக்கையிட்டு, வரும் ஆண்டுக்கு வாக்குத்தத்த வசனம் வாங்கிக்கொள்வார்கள். அதிகாரத்தின் வாசலுக்குப் போகுமுன் ஆண்டவன் வாசலுக்குப் போ என்று அந்தத் துறவி சொன்னதை, உண்மையான கிறிஸ்தவர் எவரும் மறுக்க முடியாது. ஒரு கிறிஸ்தவர் இந்தத் திருவிழாவைப் பற்றி அறிந்துகொண்டபின் தம் விழித்திருப்பையும் சற்றுக் கூர்மையாகவே பார்ப்பார்.

ஆயத்தமில்லாத சாட்சி என்ன செய்யும் என்பதற்குச் சான்று இவ்வூரில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே உண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தார். தெலுங்கு பேசும் எளிய குடும்பம். எட்டு வயதில் திருப்பதியில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் பள்ளிக்குப் போனார். பிறகு அமெரிக்க ஆற்காடு மிஷனின் வேலூர் வூரீஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள், பிள்ளைப் பருவத்திலிருந்து இருபது வயது வரை, மிஷனரிகளின் கையில் வளர்ந்தார். பைபிளை நன்றாகக் கற்றார். ஆனால் இந்து சமயத்தைப் பற்றி அந்த நிறுவனங்களில் கேட்ட கண்டனங்கள் தம்மைக் கலங்கடித்தன என்றும், அவையே தம்மை இந்து தத்துவத்தை ஆழ்ந்து படிக்கத் தூண்டின என்றும் பின்னாளில் எழுதினார். அவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவர வேண்டும் என்பது ஆசிரியர்களின் நோக்கமாக இருந்திருக்கும். நடந்தது, உலகத்தின் முன் வேதாந்தத்தை எடுத்துரைக்கும் ஒரு பெரும் வழக்கறிஞரை அவர்கள் உருவாக்கியது. 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டு மான்செஸ்டர் கல்லூரியில் இந்து வாழ்க்கை நோக்கு பற்றி அவர் ஆற்றிய உரைகளும், பிறகு அதே பல்கலைக்கழகத்தில் கீழ்த்திசைச் சமயங்களின் பேராசிரியராக அவர் அமர்ந்ததும், அந்த வகுப்பறைகளில் தொடங்கிய பதிலின் நீட்சிதான்.

இதை மிஷனரிகளின் தோல்வி என்று மட்டும் வாசிப்பது நியாயமாகாது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேறு வகை ஆசிரியர் ஒருவரும் இருந்தார். ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக், ஸ்காட்லாந்துக்காரர், 1903-இல் தத்துவம் கற்பிக்க வந்தவர். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பாக ராதாகிருஷ்ணன் தம் எம்.ஏ. ஆய்வேட்டை எழுதினார், 1908-இல் அது நூலாக வந்தது. பேராசிரியர் மனம் புண்படுமோ என்று மாணவருக்கு அச்சம். ஹாக் அதைத் தாராளமாகப் பாராட்டினார். தம் சமயத்தார் எழுப்பிய கண்டனத்துக்கு மறுப்பு எழுதிய மாணவரை, மறுப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு மிஷனரி மெச்சுவது சிறிய காரியம் அல்ல. அந்த நேர்மை ஹாக்குக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். இறையியல் மாணவராக இருந்தபோது அவர் விசுவாசத்தை இழந்தவர். இருட்டில் தட்டித்தடவி அதைத் திரும்பப் பெற்றவர். சந்தேகம் என்றால் என்னவென்று உள்ளிருந்து அறிந்தவருக்கு, எதிரே இருப்பவரின் கேள்வி ஆபத்தாகத் தோன்றுவதில்லை.

ஹாக்கின் 'கர்மமும் மீட்பும்' முதலில் கல்லூரி இதழில் தொடராக வந்து 1909-இல் நூலானது. கர்மக் கொள்கையைப் பலவீனமான வடிவில் நிறுத்தி அடிப்பது அன்று மிஷனரி எழுத்தில் சாதாரணம். அவர் அதன் மிகச் சிறந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். வினைக்கேற்ற பலன் தப்பாது என்ற எண்ணத்தில் இருக்கும் அறக் கம்பீரத்தை ஒப்புக்கொண்ட பிறகே, கடவுள் மனிதனின் குற்றத்தைத் தாமே சுமக்கிறார் என்ற நம்பிக்கை எந்த இடத்தில் அதிலிருந்து பிரிகிறது என்று காட்டினார். ஜே. என். ஃபார்கர் போன்றவர்கள், இந்துவின் ஏக்கங்கள் எல்லாம் கிறிஸ்துவில் நிறைவேறுகின்றன என்றார்கள். ஹாக் அதை ஏற்கவில்லை. கிறிஸ்து தருவதாகச் சொல்லப்படுவதை அந்த இந்து தேடவே இல்லையென்றால் என்ன செய்வது? பக்கத்து வீட்டுக்காரர் எதற்காக ஏங்குகிறார் என்று அவரைக் கேட்காமலே முடிவு கட்டும் பழக்கத்துக்கு எதிரான எச்சரிக்கை அது. நூறாண்டு கடந்தும் அது பழசாகவில்லை.

இந்த விவாதம் உச்சத்தை அடைந்ததும் தமிழ் மண்ணில்தான். 1938 டிசம்பரில், ஓராண்டுக்கு முன்புதான் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்திருந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாமன்றம் கூடியது. ஜான் மாட் தலைமை. எழுபதை நெருங்கிய எண்ணிக்கையிலான நாடுகளிலிருந்து நானூறுக்கு மேற்பட்டோர். அந்த மாநாட்டுக்கென்றே ஹாலந்து நாட்டு ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய நூல் எழுதியிருந்தார்: கிறிஸ்துவில் கடவுளின் வெளிப்பாடு ஒரு புறம், மனிதச் சமயங்கள் எல்லாம் மறுபுறம், இடையில் பாலம் இல்லை. ஹாக் மறுத்து எழுதினார். கோட்பாடுகளாக நிற்கும் சமயங்கள் வேறு, கடவுளை நம்பி ஒரு மனிதன் தன்னை ஒப்புக்கொடுக்கும் விசுவாசம் வேறு; கிறிஸ்தவர் அல்லாதவரிடமும் அந்த விசுவாசம் உண்மையாக இருக்கக்கூடும் என்பது அவர் வாதம். சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் வெ. சக்கரை, நெல்லூரில் பிறந்த நீதிபதி பி. செஞ்சையா முதலிய இந்தியக் கிறிஸ்தவர்கள் அதே ஆண்டு ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டுத் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். சக்கரையும் செஞ்சையாவும் சபைச் சம்பளம் வாங்காதவர்கள். இந்துக் குடும்ப வழி வந்தவர்கள் என்பதால் மதிலின் இரு பக்கமும் அறிந்தவர்கள்.

கிரேமரும் ஹாக்கும் எதிரெதிர்த் துருவங்கள் என்றுதான் இறையியல் கல்லூரிகளில் பாடம் நடக்கும். ஆனால் கிரேமரின் நூலில் ஒரு பகுதி அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. கிறிஸ்தவத்துக்கும் பிற சமயங்களுக்கும் இடையே தொடர்புப் புள்ளி எங்கே என்ற கேள்விக்கு அவர் தரும் விடை, மிஷனரியின் மனப்பாங்கும் நடத்தையும்தான் என்பது. கோட்பாட்டில் பாலமே இல்லை என்று அடித்துச் சொன்னவரும், சொல்பவரின் உள்ளத்தையே பாலமாகக் கண்டார். மக்களின் சமயத்தில் சலிப்பில்லாத உண்மையான அக்கறை இருந்தால் ஒழிய அந்தப் புள்ளி தோன்றாது என்றும் கருதினார். பாலம் உண்டு என்றவருக்கும் இல்லை என்றவருக்கும் ஆயத்தம் என்ற ஒன்றில் கருத்து வேறுபாடு இல்லை. இறையியல் சண்டைகள் தீரும் வரை காத்திராமல், திருத்தணியில் தறி ஓட்டுகிறவரும் பள்ளி ஆசிரியரும் தொடங்கக்கூடிய வேலை இது.

தமிழகத்தில் இதன் முன்னோடி சீகன்பால்கு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், தமது வீட்டுக்கே திண்ணைப் பள்ளியை வரவழைத்து, குழந்தைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அதைவிடப் பெரியது, தமிழ் இந்துக்களுக்கு அவர் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் பெற்றது. 1712 முதல் வந்த அந்தக் கடிதங்களில் 99 ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்வியும் அவற்றில் உண்டு. குடிப்பதும் அசுத்தமாக இருப்பதும் பதில்களில் தயக்கமின்றிச் சொல்லப்பட்டன. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் முடித்த நூல் ஐரோப்பாவில் அச்சேறவில்லை. 1867 வரை காத்திருந்தது. கேட்கத் தெரிந்த மிஷனரியின் எழுத்தை, அவரை அனுப்பியவர்கள் கேட்க விரும்பவில்லை.

கேட்பதோடு அடக்கமும் சேர வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில், இன்றைய எல்லைக்கு வடக்கே ஒங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் இருந்தார். நில அளவை தெரிந்தவர். பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேற்பட்ட பகுதியை ஒப்பந்தத்துக்கு எடுத்து, பட்டினி கிடந்த மாதிகா மக்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். வேலைத்தளத்தில் பிரசங்கம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற சந்தேகம் அவர்கள் மேல் விழக்கூடாது என்பதற்காக ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்தார். நிவாரணப் பணம் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த எண்ணைத்தான் மிஷன் வரலாறுகள் பெருமையாகச் சொல்லும். அதற்கு முந்திய மறுப்பே பெரியது. அந்த மக்கள் இயக்கத்துக்கு வழி திறந்த எர்ரகுண்ட்ல பெரய்யா தோல் தொழிலாளி. கிறிஸ்துவை அறியுமுன் யோக மார்க்கத்தில் பயின்றவர். மிஷன் தொடாத காலத்திலேயே அவரிடம் ஓர் ஆயத்தம் நடந்திருந்தது. கொர்நேலியுவின் கதை தெலுங்கு மண்ணில் மறுபடி நடந்தது என்று கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் வட ஆற்காட்டுப் பகுதியில் இன்னொரு முயற்சி நடந்தது. 1921-இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசன், ஏர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தது. தமிழரே பெரியண்ணன். கதர், சைவ உணவு, திருமணமின்மை, தரையில் அமர்ந்து வழிபாடு, ஏழைகளுக்கு மருத்துவம். ஜெபக்கூடத்தைத் தென்னிந்தியக் கோயில் அமைப்பில் கோபுரத்தோடு கட்டினார்கள். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வே. ச. அசரியா, மிஷனரிகள் தியாகம் செய்கிறார்கள், நட்பு மட்டும் கொடுப்பதில்லை என்று அவையோரின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பதினோராண்டு கழித்துத் திருப்பத்தூர் அதற்கு ஒரு பதிலாக அமைந்தது. அண்ணன் தம்பியாக ஒரே தட்டில் உண்ணாதவர்கள் அன்பைப் பற்றிப் பேசினால் எடுபடாது என்பதை அந்த இருவரும் வாழ்ந்து காட்டினார்கள்.

உணவு என்றதும் திருத்தணியில் ஒரு நடைமுறைக் கேள்வி எழும். ஆடிக் கிருத்திகை முடிந்து மலையிலிருந்து இறங்கும் பக்கத்து வீட்டு அம்மாள், பிரசாதத்தைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் நீட்டுகிறார். வாங்குவதா, வேண்டாமா? கொரிந்து சபைக்கு பவுல் எழுதிய முதல் நிருபத்தில் இதே கேள்வி மூன்று அதிகாரங்களுக்கு நீள்கிறது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற அறிவும், பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியும் அங்கே நிறுக்கப்படுகின்றன. வாங்கி உண்பவர்கள் உண்டு. மரியாதையோடு கையில் வாங்கி வைத்துக்கொள்பவர்களும், இரு கை கூப்பி மறுப்பவர்களும் உண்டு. எது சரி என்பதில் சபைகள் உடன்படாது. ஆனால் முடிவை ஜெபத்தில் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். கிண்ணம் நீட்டப்படும் அந்த நொடியில் முகத்தில் அருவருப்பு தெரிந்தால், பிறகு பத்து வருடம் சுவிசேஷம் சொன்னாலும் அந்த அம்மாளின் காதில் ஏறாது. வேண்டாம் என்பதையும் அன்பு குறையாமல் சொல்லப் பழகுவது உபவாசத்தில் கற்க வேண்டிய ஒன்று. பசியை அடக்கும் உடம்பு, முகச்சுளிப்பை அடக்கவும் கற்கும்.

உபவாசம், ஜெபம், பாவ அறிக்கை, வேத வாசிப்பு ஆகிய வழக்கமான நான்கும் இந்த வெளிச்சத்தில் வேறு பொருள் கொள்கின்றன. பாவ அறிக்கையில் சபைக்குள்ளே இருக்கும் சாதியும் வர வேண்டும். தனிக் கல்லறையும் தனி வரிசையும் வைத்துக்கொண்டு வெளியே சமத்துவம் பேசுவதைக் கேட்பவர் உடனே கண்டுகொள்வார். ஜெபத்தில் அயலாரின் பெயர் வர வேண்டும், கணக்கில் சேர்க்க வேண்டிய ஆத்துமாவாக அல்லாமல், மகளின் கல்யாணக் கடனும் தறிக்கூலி பாக்கியும் உள்ள மனிதராக. எவர் கேட்டாலும் நம்பிக்கைக்குக் காரணம் சொல்ல ஆயத்தமாக இருங்கள், பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று பேதுருவின் முதல் நிருபம் அறிவுறுத்துகிறது. கேட்டால் என்பது அங்கே முன்நிபந்தனை. பிறர் கேட்கத் தோன்றும்படி வாழ்வதே ஆயத்தத்தின் பெரும்பகுதி.

சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கப்பட்டது. எல்லை தாண்டி ஆந்திரத்தில், திருமலையில் பிற சமயப் பிரசாரத்துக்கு 2007 முதல் தடை உண்டு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் அடங்கியிருப்பது போதாது. கிளஃப் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாதபோது ஓராண்டு காத்திருந்தார்.

கடைசியாக, மறுப்புக்கான ஆயத்தம். ஏற்றுக்கொள்ளாத ஊரில் காலில் ஒட்டிய தூசியை உதறிவிட்டுப் போகும்படி இயேசு சீடர்களுக்குச் சொன்னது, ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு. திருத்தணியில் வசிக்கிற கிறிஸ்தவர் எங்கும் போகப் போவதில்லை. வேண்டாம் என்று சொன்னவரோடு மறுநாளும் அதே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும், அவர் வீட்டுச் சாவுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கும். மறுப்புக்குப் பிறகு நட்பில் ஒரு நூல் அளவு குளிர்ச்சி வந்தாலும், முன்பு காட்டிய அன்பு தூண்டில் இரைதான் என்று ஆகிவிடும். ஹாக் தம் மாணவரின் மறுப்பை வாசித்துப் பாராட்டியபின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ராதாகிருஷ்ணன் கிறிஸ்தவர் ஆகவில்லை. இந்தியாவின் தலைசிறந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர்களில் ஒருவர் என்று தம் ஆசிரியரைப் பற்றி அவர் மதிப்போடு எழுதினார்.